யாரைத் தலைவராகப் போடலாம்?

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்படிப் போகும் என்பது எனக்கு மனப்பாடம். இறைவணக்கம், மௌன அஞ்சலி, சென்ற கூட்டறிக்கை, கணக்கறிக்கை. பிறகு பழைய நிர்வாகம் கலையும். கிராம உத்தியோகத்தரோ என்னைப் போன்ற வேறோர் உத்தியோகத்தரோ தற்காலிகத் தலைமைக் கதிரையில் உட்காருவோம். "தலைவர் பதவிக்குப் பெயர்களைச் சொல்லுங்கள்" என்றதும், அதுவரை கணக்கறிக்கையில் ஐம்பது ரூபாய்க்குச் சண்டை பிடித்த மண்டபம் முழுவதும் தரையைப் பார்க்கும். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் ஒரு பெயரைச் சொல்லும். இன்னொரு குரல் வழிமொழியும். கைதட்டல், பிஸ்கட், தேநீர். ஐஸ் கணக்கு, கடன் புத்தகம், வலைத் தகராறு எல்லாம் இன்னும் ஓர் ஆண்டுக்கு யார் தலையில் என்பது அந்தத் தேநீர் ஆறுவதற்குள் முடிவாகிவிடும்.

குச்சவெளியிலிருந்து மூதூர் வரை மீனவர் சங்கங்கள், மாதர் சங்கங்கள், சிக்கனக் கடன் சங்கங்கள் என்று இப்படியான கூட்டங்களில் உட்கார்ந்தே என் உத்தியோக காலம் போனது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர் மிதவைப் பாதைக்குக் காத்திருந்து அக்கரைக்குப் போவோம். போய்ச் சேரும்போது பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் ஆளுமை உளவியல் பற்றி ஆறுதலாக வாசிக்க நேரம் கிடைத்தது. வாசிக்க வாசிக்க, அந்தப் பின்வரிசைக் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குரல் எதைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்கிறது?

நான் கண்டவரை, எழும்பும் பெயர்கள் இரண்டு வகை. ஒருவர் நன்றாகப் பேசக்கூடியவர். மற்றவர் யாரோடும் பகை இல்லாதவர். சிங்களம் தெரிந்தவர் என்று மூன்றாவது வகை ஒன்றும் நம் மாவட்டத்துக்கு உண்டு. அது குணத்தில் சேராது என்பதால் பிறகு பார்ப்போம். செய்ய வேண்டிய வேலைக்கு எந்த மாதிரி ஆள் தேவை என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தலைவர்கள் பிறக்கிறார்களா, உருவாக்கப்படுகிறார்களா என்ற பட்டிமன்றத்தை நான் இங்கே நடத்தப்போவதில்லை. அமெரிக்காவில் இரட்டையர்களை ஒப்பிட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்கள் தலைமைப் பொறுப்புகளுக்கு வருவதில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 30 சதவீதத்தை மரபணுவோடு தொடர்புபடுத்தியது. மிச்சம் 70 சதவீதம் வளர்ப்பு, வாய்ப்பு, காலம். இரண்டு கட்சிக்கும் வாய்ப்பூட்டுப் போட அது போதும்.

எனக்குப் பிடித்தது அமெரிக்க உளவியலாளர் ரால்ஃப் ஸ்டொக்டில் செய்த வேலை. 1948இல் அவர், அதுவரை தலைமை பற்றி வெளிவந்த 124 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். தலைவர்களிடம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காணப்பட்ட குணங்கள் சில இருந்தன: பொறுப்பெடுத்தல், விடாப்பிடி, தன்னம்பிக்கை, நாலு பேரோடு பழகுதல். ஆனால் இந்தக் குணங்களை மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் தலைவர் ஆகிவிடுவதில்லை என்றார் அவர். பின்னால் வருகிறவர்கள் யார், அவர்கள் செய்யும் வேலை என்ன, போகவேண்டிய இடம் எது என்பவற்றோடு அந்தக் குணம் பொருந்த வேண்டும். பலர் இதைத் தவறாக எடுத்துக்கொண்டு, குணத்துக்கும் தலைமைக்கும் சம்பந்தமே இல்லை என்று பல ஆண்டுகள் பேசினார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

அதன்பின் ஆளுமையை ஐந்து பெருங்கூறுகளாகப் பார்க்கும் முறை நிலைபெற்றது. நாலு பேரோடு கலகலப்பாகப் பழகும் புறமுகத்தன்மை, எடுத்ததை ஒழுங்காக முடிக்கும் பொறுப்புணர்வு, புதியதை ஏற்கும் மனம், பிறரோடு ஒத்துப்போகும் இணக்கம், எளிதில் பதறும் இயல்பு. எல்லோரிடமும் ஐந்தும் உண்டு, அளவுதான் வேறு. திமோதி ஜட்ஜும் அவருடைய சகாக்களும் 2002இல், 73 மாதிரிகளிலிருந்து கிடைத்த 222 தொடர்பு எண்களைச் சேர்த்து, இந்த ஐந்தும் தலைமையோடு எவ்வளவு ஒட்டிப்போகின்றன என்று கணக்கிட்டார்கள். முழுதும் ஒட்டினால் 1, ஒட்டவே இல்லையென்றால் 0. புறமுகத்தன்மைக்கு 0.31, பொறுப்புணர்வுக்கு 0.28, புதியதை ஏற்கும் மனத்துக்கு 0.24, பதற்றத்துக்கு எதிர்த்திசையில் 0.24. இணக்கத்துக்கு வெறும் 0.08. ஐந்தையும் சேர்த்தால் 0.48. அதை அதாலேயே பெருக்கி வர்க்கமாக்கிப் பார்த்தால் தலைமையில் ஆளுக்காள் காணப்படும் வேறுபாட்டில் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. சின்னத் தொகை இல்லை. ஆனாலும் முக்கால் பங்குக்கு மேல் குணத்துக்கு வெளியே கிடக்கிறது.

இந்த ஆய்வில் நான் அதிக நேரம் நின்ற இடம் வேறு. தலைவராகத் தெரிவதையும் தலைவராக வேலை செய்வதையும் அவர்கள் பிரித்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பொறுப்புணர்வு, ஒருவர் தலைவராக எழுவதோடு 0.33 அளவுக்கு ஒட்டுகிறது. அவர் அந்த வேலையைத் திறம்படச் செய்வதோடு பார்த்தால் 0.16, பாதியாகக் குறைகிறது. இணக்கம் இதற்குத் தலைகீழ். எழுவதோடு 0.05, திறம்படச் செய்வதோடு 0.21. கதிரைக்குக் கொண்டுபோய் விடும் குணம் ஒன்று, கதிரையில் உட்கார்ந்த பிறகு கைகொடுக்கும் குணம் இன்னொன்று. மண்டபம் முதலாவதைத்தான் காண்கிறது. இரண்டாவது தெரிய வரும்போது அடுத்த பொதுக்கூட்டம் வந்துவிடும்.

பொறுப்புணர்வு ஏன் பாதியாகிறது? ஆய்வு சொல்லும் காரணம் என்று இதைச் சொல்லவில்லை; நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூதூர்ப் பக்கத்து மாதர் சங்கம் ஒன்றில் ஓர் அக்கா பொருளாளராக இருந்தார். நீலக்கோடு போட்ட கணக்குப் புத்தகம், அடிமட்டம் வைத்து இழுத்த நிரல்கள், ரசீதுகள் திகதி வரிசையில். கணக்காய்வுக்கு வந்தவர்கள் மற்றச் சங்கங்களுக்குக் காட்ட அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அடுத்த ஆண்டு அவரையே தலைவியாக்கினார்கள், வேறு யாரை ஆக்குவது? கூட்டத்துக்குப் பத்து நிமிடம் பிந்தினால் குற்றப்பணம் என்று அவர் விதித்தார். முதலில் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். பிறகு பிந்தக்கூடியவர்கள் வராமலே விட்டார்கள். கைக்குழந்தை உள்ளவர்கள், தம்பலகாமம் வயலுக்குக் கூலிக்குப் போகிறவர்கள், அதாவது கடன் திட்டம் யாருக்காக வந்ததோ அவர்கள். புத்தகம் அப்போதும் அழகாகத்தான் இருந்தது. புத்தகத்தை ஆள்வதும் ஆட்களை ஆள்வதும் ஒரே வேலை என்று எண்ணி நாம்தான் அவரைக் கதிரை மாற்றினோம்.

இணக்கத்தின் கதை இன்னும் சிக்கலானது. அந்த ஆய்வின் எண்களின்படி மென்மை ஒருவரைத் தலைவராக எழ வைக்கப் பெரிதாக உதவுவதில்லை, எழுந்துவிட்டால் வேலைக்குக் கைகொடுக்கிறது. நம் ஊரிலோ மென்மையானவர்களையே தேடிப் பிடித்துப் போடுகிறோம், வேலை கெட்டுப் போகிறது. எண்கள் பொய்யா? அப்படி நான் நினைக்கவில்லை. நாம் அவர்களைத் தெரிவு செய்வதற்கான காரணத்தில்தான் கோளாறு. ஒரு கடன் சங்கத்தின் தலைவராக ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கடன் நிலுவைக்காரர் வந்து நின்றால் மாஸ்டருடைய கை சட்டைப்பையிலிருக்கும் பேனாவைத் தொடும், மூடியைக் கழற்றும், மறுபடி மூடும். "பார்த்துச் செய்வோம் தம்பி" என்பார். நிலுவைக் கடிதத்தில் கையெழுத்து விழாது. நான் தனியாகக் கேட்டபோது, "நான் படிப்பித்த பிள்ளை, மிஸ்" என்றார். ஊரில் பாதிப் பேர் அவர் படிப்பித்த பிள்ளைகள். அது தெரிந்துதான் அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லமாட்டார் என்பதே அவருடைய தகுதி. மென்மையான ஒருவர் தன் விருப்பில் முன்வந்து தலைமை ஏற்பது வேறு. தங்களுக்குத் தொல்லை வராது என்பதற்காக நிலுவைக்காரர்களே கூடி ஒருவரை ஏற்றி வைப்பது வேறு. இரண்டாவதை எந்த ஆளுமைத் தேர்வாலும் அளக்க முடியாது.

தேர்வு என்றதும் ஞாபகம் வருகிறது. 2004 டிசம்பர் 26 கடல் கொந்தளிப்புக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் நிறைய வந்தன. அவற்றோடு தலைமைத்துவப் பயிற்சிப் பட்டறைகளும் வந்தன. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் பெரிய தாள்களை ஒட்டி, வண்ணப் பேனாவால் எழுதி, ஆளுக்கொரு வினாத்தாள் கொடுத்து, நீங்கள் இந்த வகை, அவர் அந்த வகை என்று நாலெழுத்தில் முத்திரை குத்துவார்கள். சில வாரம் கழித்து அதே தாளை மறுபடி எழுதினால் கணிசமான பேருக்கு வேறு எழுத்துகள் வரும். மனிதரைப் பெட்டிகளாகப் பிரிக்கும் அந்த முறையை ஆளுமை ஆய்வாளர்கள் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. வலை இழந்து நின்ற மனிதர்கள் ஒருநாள் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்த அளவில் எனக்குக் குறை இல்லை.

குணம் சூழலோடு எப்படிப் பொருந்துகிறது என்பதைக் காண வேண்டுமானால் பட்டறைக்குப் போவதைவிட அந்த விடுதிகளுக்கு முன்னாலுள்ள கடற்கரைக்குப் போகலாம். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கும். கரைவலைக்கு ஏற்ற காலம். தோணி கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு வலையை அரைவட்டமாகப் போட்டுக்கொண்டு போய், மறுநுனியைத் தூரத்தில் கரை சேர்க்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் இழுப்பார்கள். ஒரு பக்கம் முந்தினால் வலையின் வாய் கோணும். சூடை மீனோ கீரி மீனோ அந்த இடைவெளியால் போய்விடும்.

நான் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு காலையில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், ஈரமணலில் நின்றார். கயிற்றைத் தொடவில்லை. கண் கடலில், வாய் கரையில். "வடக்கே பொறு, வடக்கே பொறு" என்று ஒரு சத்தம். வடக்குக் கூட்டம் அப்படியே குதிகாலை மணலில் ஊன்றிக்கொண்டு நின்றது. "தெற்கே இழு, என்ன பார்க்கிறாய்?" என்று மறுசத்தம். ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "பிறகு சொல்" என்று அவன் பக்கம் திரும்பாமலே சொன்னார். வலையின் மடி கரைக்கு அருகில் வர வர இரண்டு கூட்டமும் நெருங்கி வந்தன, அவருடைய குரலும் குறுகி, கடைசியில் வெறும் "ம்... ம்..." ஆகிவிட்டது. அந்த நேரத்தில் யாருடைய கருத்தையும் கேட்காமல் இருப்பதுதான் அவருடைய வேலை. கேட்டிருந்தால் மீன் போயிருக்கும்.

அவரையே பின்னர் மீனவர் சங்கத் தலைவராகப் போட்டார்கள். ஐஸ் விலை விடயத்தை ஒரே தொலைபேசி அழைப்பில் முடித்தார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சங்கத்தில் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அவருடைய கயிற்றை இழுப்பவர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் சொந்தப் படகு, சொந்த இயந்திரம், எந்தக் காற்றுக்கு எங்கே வலை விடுவது என்று சொந்தக் கணிப்பு. ஒருவர் எழுந்து யோசனை சொன்னால் "பிறகு சொல்" என்பார். கடற்கரையில் அந்தப் 'பிறகு' வந்துவிடும், பங்கு பிரிக்கும்போது பேசலாம். சங்கத்தில் அது வரவே இல்லை. நல்ல யோசனை உள்ளவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ, டேவிட் ஹொஃப்மன் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வை வாசித்தபோது எனக்கு இந்தச் சம்மாட்டியார்தான் கண்ணுக்கு முன் வந்தார். அமெரிக்காவில் பீட்சா விநியோகிக்கும் 57 கடைகளின் முகாமையாளர்களையும் ஊழியர்களையும் விசாரித்து, இலாபத்தையும் பார்த்திருக்கிறார்கள். சொன்னதைச் செய்யும் ஊழியர்கள் இருந்த கடைகளில், கலகலப்பான முகாமையாளர் இருந்தால் இலாபம் சராசரியைவிட 16 சதவீதம் கூட. தாமாக யோசனை சொல்லி முன்வரும் ஊழியர்கள் இருந்த கடைகளில் அதே மாதிரி முகாமையாளர் இருந்தால் 14 சதவீதம் குறைவு. ஆள் அதே ரகம்தான். முன்னால் நிற்பவர்கள் மாறியதும் கணக்குப் புரண்டுவிட்டது.

காலம் மாறினாலும் இப்படித்தான். யுத்த காலத்தில் கடலுக்குப் போக அனுமதி அட்டை வேண்டும், நேரக் கட்டுப்பாடு வேறு. அப்போது மீனவர் சங்கத் தலைவர் என்றால் கடற்படைக் காவலரணுக்கு முன்னால் போய் நின்று, குரலை உயர்த்தாமல், சொன்னதையே பத்துத் தடவை சொல்லக்கூடியவர். சிங்களம் தெரிந்தவருக்குப் பெறுமதி வந்ததும் அப்படித்தான். பிரதேச செயலகத்துக் கடிதம் முதல் காவலரண் வரை அவர் வாயை நம்பியே ஊர் கடலுக்குப் போனது. கலகலப்பான மனிதர்கள் அந்த ஆண்டுகளில் தலைமைக்கு வர விரும்பவில்லை, ஊரும் அவர்களைத் தள்ளவில்லை. வாய் அதிகம் என்பது அன்று ஆபத்து. 2009க்குப் பிறகு மேடை வந்தது, மாலை வந்தது, அரசியல்வாதிகள் வந்தார்கள். பேச்சாளர்களுக்கு மறுபடி காலம் பிறந்தது. ஊர் அதே ஊர்தான்.

பதறும் இயல்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்களில் அது தலைமைக்கு எதிர்த்திசையில் நிற்கிறது. நானும் பதற்றக்காரரைத் தலைவராகப் போடச் சொல்லமாட்டேன். ஆனால் 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே, திரியாய் – குச்சவெளிப் பக்கத்தில் கரை கடந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதிச் சங்கம் ஒன்றின் செயலாளர் எதற்கெடுத்தாலும் கைபிசைகிறவர். பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். புயல் வருவதற்கு முன்பே அவரிடம் ஒரு கொப்பி இருந்தது: எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி, எந்த வீட்டில் கர்ப்பிணி, யாருடைய கூரை ஓலை, யாரிடம் லொறி. அன்று பொழுது சாய முன்னரே அந்தக் குடும்பங்கள் பாடசாலைக் கட்டடத்தில் இருந்தன. தலைவர் நிதானமானவர், ஆட்களைக் கூட்டிச் சென்றவர் அவர்தான். யாரைக் கூட்டிச் செல்ல வேண்டும் என்பது மட்டும் செயலாளரின் கொப்பியில் இருந்தது. புயல் பயந்த அளவுக்கு அடிக்கவில்லை. மறுநாள் காலையில் எல்லோரும் அவரை மறுபடி கேலி செய்தார்கள். அவர் அடுத்த புயலுக்குக் கொப்பியில் புதிய பக்கம் திருப்பியிருந்தார்.

சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் விதிமுறையைப் பார்த்தால் வழி அங்கேயே கிடக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று கதிரையை யாரோ யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே குணம் தேவைப்பட்டிருந்தால் ஒரு கதிரை போதும். நாமோ தலைவரை மூன்று நிமிடத்தில் தெரிவு செய்து, மற்ற இருவரையும் அவருக்கு வேண்டியவர்களாகப் பார்த்துப் போடுகிறோம். பேசுகிறவருக்குத் துணையாக இன்னும் இரண்டு பேச்சாளர்கள். நல்லவருக்குத் துணையாக இன்னும் இரண்டு நல்லவர்கள். கணக்காய்வு வரும்போது மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அண்மையில் ஒரு சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு ஆலோசகர் என்ற பெயரில் அழைத்திருந்தார்கள். தற்காலிகத் தலைமையை என்னிடம் கொடுத்ததும், பெயர்களைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன்: இந்த ஆண்டு சங்கம் செய்தே ஆக வேண்டிய வேலைகள் என்ன? "முதலில் ஆளைப் போடுங்கள் மிஸ், வேலையை அவர் பார்த்துக்கொள்வார்" என்றார் ஒரு பெரியவர். சிரிப்பு. ஆனாலும் கரும்பலகையில் மூன்று விடயம் ஏறியது. இழுபட்டுக் கிடக்கும் கணக்காய்வு. கடன் நிலுவை. சுருக்குவலை பற்றிக் கடற்றொழில் திணைக்களத்தோடு பேசுவது.

அதற்குப் பிறகு எழும்பிய பெயர், வழக்கமாக எழும்பும் பெயர் இல்லை. மீன் வாங்கும் இடத்தில் நிறுவை எழுதும் ஒரு பெண். அவர் எழுந்து நின்று, "மேடைப் பேச்சு எனக்கு வராது. திணைக்களத்தோடு பேசுவதைச் செயலாளர் செய்யட்டும். நிலுவைக்காரர் வீட்டுக்கு நான் போகிறேன், ஆனால் தனியாகப் போகமாட்டேன். இரண்டு பேர் கூட வர வேண்டும். யார் என்று இப்போதே சொல்லுங்கள்" என்றார். அவர் அமரவில்லை. சற்று நேரத்தில் இரண்டு கைகள் உயர்ந்தன. அதில் ஒரு கைக்குரியவருடைய பெயர் நிலுவைப் பட்டியலில் நாலாவதாக இருந்தது. இரண்டு பெயரையும் கூட்டறிக்கையில் எழுதச் சொன்னேன்.